பால்மரம் சிவக்கும் வாரம்

மெக்சிகோவின் யுக்காத்தான் தீபகற்பத்து வடகரையில் லாஸ் கொலொராதாஸ் என்றொரு சிற்றூர். அதை ஒட்டிய உப்பளங்களில் தேங்கும் நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். கான்கூனிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெயில் உச்சிக்கு ஏறினால்தான் நிறம் தெளியும். நீரில் இறங்க அனுமதி கிடையாது. உப்பு ஏற ஏறப் பெருகும் துனாலியெல்லா என்ற நுண்பாசியும், உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்களும் தருகிற நிறம் அது. யாரும் கண்ணுக்காக அந்த நீரைத் தேக்கவில்லை. உப்பு விளைய வேண்டும் என்று தேக்கினார்கள். நிறம் தானாக வந்து சேர்ந்துகொண்டது.

வேலைக்காக அமைத்த இடத்தில் கேட்காமலே வந்து சேர்ந்த அழகு நம் மலாக்காவிலும் உண்டு. அதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டாம். பட்டணத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஜாசின் மாவட்டத்தின் உட்பகுதிக்குப் போய்விடலாம். நாளைத்தான் சரியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகையில் இருக்கும் ஊர் இது. குளிர்காலம் என்ற ஒன்றே கிடையாது. பலாவும் ரம்புத்தானும் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே நிற்கும். ரப்பர் என்னும் பால்மரம் மட்டும், அமேசான் காட்டில் பழகிய பழக்கத்தை இங்கே வந்தும் விடவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து மண் காய்ந்தால் இலையெல்லாம் நிறம் மாறிக் கொட்டிவிடும். சில வாரங்களில் புதுத் தளிர் விட்டு மறுபடி மூடிக்கொள்ளும். நட்டு மூன்று நான்கு ஆண்டு ஆன மரம் தொடங்கி எல்லா மரத்துக்கும் இது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சடங்கு.

தேதி குறிப்பதுதான் கடினம். அது மழையின் கையில் இருக்கிறது. டிசம்பர் மழை நீண்டால் எல்லாம் தள்ளிப்போகும். சீனப் புத்தாண்டு முடிந்து, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசிமகத்துக்குத் தோட்டத்து உறவுகளெல்லாம் கூடுகிற நாட்களை ஒட்டி ஒரு கண் வைத்திருப்பது என் வழக்கம். கோயிலுக்கு வருகிறவர்களில் ஜாசின் பக்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, "அண்ணே, உங்க பக்கம் மரம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும். எந்தப் பயண வழிகாட்டியும் சொல்லாத துல்லியத்தோடு பதில் வரும்: பாதி சிவந்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் போகட்டும், அல்லது, போன காற்றில் கொட்டியே போயிற்று.

கிளம்பும் நேரமும் முக்கியம். இங்கே பிப்ரவரியில் சூரியன் ஏழரை மணியை ஒட்டித்தான் எழும். இருட்டோடு கிளம்பி ஜாசினில் பசியாறிவிட்டால் வெளிச்சம் வரும்போது தோட்டப் பாதையில் இருக்கலாம். உப்பளத்துக்கு உச்சி வெயில் வேண்டும். பழுத்த ரப்பர் இலைக்கு அது ஆகாது. தலைக்கு மேல் வெயில் வந்துவிட்டால் இலையின் மேல்பரப்பு பளபளத்து நிறம் வெளுத்துத் தெரியும். காலைச் சூரியன் தாழ்ந்து, மரங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒளி இலையின் முதுகில் பட்டு உள்ளே புகுந்து நம் பக்கம் வரும். ஒரே மரத்தைக் கிழக்கிலிருந்து பார்த்தால் செங்கல் நிறம். மேற்கிலிருந்து பார்த்தால் தணல். ஆகவே, கிழக்கு நோக்கி நிற்க இடம் கொடுக்கும் தோப்பாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

ஜாசினைத் தாண்டி ஞாலாஸ், ஆசாஹான் என்று உள்ளே போகப் போக, சாலையின் இரு பக்கமும் முதலில் கிடைப்பது செம்பனைதான். மைல் கணக்கில் ஒரே பச்சை. அந்தப் பச்சை நல்ல பயிற்சி. ஒரே நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்திருக்கும் நேரத்தில், ஒரு வளைவில், செம்பனை வரிசை முடிந்த இடத்தில், சிறுதோட்டக்காரர் ஒருவரின் இரண்டு மூன்று ஏக்கர் ரப்பர் சட்டென்று எதிரே வரும். எலுமிச்சை மஞ்சள், காவி, செம்பு, குங்குமம் எல்லாம் ஒன்றாக. பின்னால் லேடாங் மலை நீலமாக நிற்கும். 1,276 மீட்டர் உயரமான அந்த மலை ஆசாஹானுக்குக் கிழக்கே இருப்பதால், அடிவாரத் தோப்புகளுக்கு வெயில் சற்றுத் தாமதமாகவே வரும். தாமதமாக வந்தவர்களுக்கும் அது இன்னொரு வாய்ப்பு. மலை நிழல் விலக விலக, வரிசை வரிசையாக மரம் ஒளி ஏற்றிக்கொள்ளும் காட்சியை நின்று பார்க்கலாம்.

தோப்புக்குள் இறங்குமுன் கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை. மலாய்ப் பெரியவர் என்றால் "பாக் சிக்", நம்மவர் என்றால் "ஐயா". வேண்டாம் என்று சொல்கிறவர் அபூர்வம். இலை கொட்டுவதைப் பார்க்கவா வந்தீர்கள் என்று சிரிக்கிறவர்தான் அதிகம். சருகு கணுக்கால் உயரம் கிடக்கும். பீடி, சிகரெட் எதுவும் அங்கே கூடாது. ஒரு பொறி போதும்.

உள்ளே நின்று முதலில் கவனிக்க வேண்டியது நிறம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை. ரப்பர்த் தோப்பு இரண்டு வகை. விதை போட்டு வளர்த்த பழைய தோப்பில் ஒவ்வொரு மரமும் தனிப்பிறவி. ஒன்று முழுக்கச் சிவந்திருக்கும்போது அடுத்தது இன்னும் பச்சையில் இருக்கும். அதற்கடுத்தது மொட்டையாக நிற்கும். ஒட்டுக் கன்று நட்ட தோப்பில் எல்லா மரமும் ஒரே தாய்மரத்தின் கிளை வழி வந்தவை. 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, உலகமெங்கும் பரவிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 அத்தகைய ஒட்டுவகை. அந்த நிரைகளில் நூற்றுக்கணக்கான மரங்கள் ஏறக்குறைய ஒன்றாகப் பழுத்து, ஒன்றாகக் கொட்டும். முன்னது பல வண்ணக் கோலம். பின்னது ஒரே சாயம். ஒட்டுத்தோப்பு கண்ணை ஒரேயடியாக நிறைக்கும். ஆனால் நின்று நிதானமாகப் பார்க்கிறவருக்கு விதைத்தோப்புதான் விருந்து. பக்கத்துப் பக்கத்து மரங்கள் காலத்தில் வேறு வேறு வாரத்தில் நிற்பதை ஒரே பார்வையில் காணும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இப்போது கீழே குனிந்து, காம்போடு விழுந்த ஓர் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட காம்பு, அதன் நுனியில் மூன்று சிற்றிலைகள். மூன்றும் ஒரே கணுவிலிருந்து விரிகின்றன. அந்தக் கணுவைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தால் கடுகிலும் சிறிய புடைப்புகள் தெரியும், பெரும்பாலும் மூன்று. தேன் சுரப்பிகள் அவை. பூவில் இருக்க வேண்டிய தேன் இலைக்காம்பில் சுரக்கிறது. காய்ந்த இலையில் அவை கறுத்த தழும்புகள் மட்டுமே. சில வாரம் கழித்து வரப்போகும் இளம் இலையில் அவை ஈரமாக மினுங்கும். எறும்பும் தேனீயும் அங்கே வரிசையில் நிற்கும். குமரி மாவட்டத்தில் பேர்பெற்ற மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு இந்தக் காம்புச் சுரப்பிகளிலிருந்துதான் வருகிறது. பால் கொடுக்கிற மரம் என்று நாம் ஒற்றைச் சொல்லில் முடித்துவைத்த மரம், சத்தமில்லாமல் தேனும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதே இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். நடுநரம்பிலிருந்து இரு பக்கமும் கிளைநரம்பு, அதற்குள் வலைநரம்பு, அதற்குள்ளும் கண்ணுக்கு எட்டும் மட்டும் கட்டம் கட்டமாக. பச்சையம் சிதைந்து மறைந்ததும், அடியில் எப்போதும் இருந்த மஞ்சள் மேலே தெரிகிறது. சிவப்பு அப்படி ஒளிந்திருந்தது அன்று. இலை சாகுமுன் புதிதாகச் செய்துகொள்வது. ஆகவே ஒரே இலையில் இரண்டு கதை இருக்கிறது. மஞ்சள் வெளிப்பட்டது; சிவப்பு உண்டாக்கப்பட்டது. ஒரே காம்பின் மூன்று இலைகளிலும் இந்தக் கலவை ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் விளிம்பு மட்டும் செம்பாகி உள்ளே மஞ்சளாக இருக்கும். ஒன்றில் புள்ளி புள்ளியாகப் பச்சை மிச்சமிருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் இந்த இலையை நீரில் ஊறப்போட்டுச் சதையைக் கழுவியெடுத்து, மிஞ்சும் நரம்பு வலைக்குச் சாயமேற்றிப் புத்தகத்துக்குள் வைப்பார்கள். எத்தனையோ பள்ளிக்கூடப் புத்தகங்களில் அந்த வலை நசுங்காமல் கிடந்திருக்கிறது.

காதுக்கும் வேலை உண்டு. காற்று வருவதை ரப்பர்த் தோப்பு முன்கூட்டியே சொல்லிவிடும். தூரத்து நிரையில் சரசரப்பு எழும், அது நெருங்கும், அதன் பிறகுதான் நம் தலைக்கு மேலிருந்து இலை கழன்று, சுழன்று வரும். காற்றே இல்லாத நேரத்தில் ஓர் இலை மட்டும் விழுந்தால், சருகில் அது படும் ஓசை தனியாகக் கேட்கும். சருகுக்கடியில் கையை விட்டால் போன பருவத்து ரப்பர் கொட்டை கிடைக்கும். மூன்று அறையுள்ள காய், வெயிலில் முறுகிப் பட்டென்று வெடித்துத் தூர வீசிய கொட்டை. வழவழப்பான வெளிர்த் தோலில் பழுப்புத் திட்டுகள். ஒரே மரத்தின் கொட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே அச்சுத்தான் இருக்கும். ஏனென்றால் மேல்தோல் தாய்மரத்தின் சதை. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் அதில் மாற்றம் வராது. கொட்டையைப் பார்த்து ஒட்டுவகையைச் சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. தரையில் தேய்த்துச் சூடாக்கிக் கூட்டாளியின் தொடையில் வைத்த வயதில் நமக்கு அந்தச் சித்திரம் கண்ணில் பட்டதா என்ன?

அடிமரத்தையும் பார்க்காமல் வரக்கூடாது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் வெட்டு. ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வு. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக ஏறாமல் இலேசாகச் சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். ஒவ்வொரு வெட்டும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சீவல்தான். ஆழம் போனால் மரம் புண்படும். மேலோடு போனால் பால் வராது. பல ஆண்டுச் சீவல்கள் அடுக்கடுக்காக இறங்கிய அந்த வெட்டுப்பரப்பில், புதுப்பட்டை இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்து வளர்ந்திருக்கும். மேலே இலையில் இருக்கும் நிறங்களின் மங்கிய பிரதி கீழே பட்டையில் இருப்பதை வெட்டுத் தெரிந்தவர்கள் காட்டித் தந்தால்தான் நமக்குத் தெரியும். கம்பி வளையத்தில் பால் பிடிக்கும் மங்கு கவிழ்ந்திருந்தால் மரத்துக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெட்டின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பால் கறுத்துச் சுருண்டிருக்கும்.

கவிழ்ந்த இந்த மங்குதான் இந்த அழகின் மறுபக்கம். இலை கொட்டிய மரம் தன் சேமிப்பையெல்லாம் தளிருக்குக் கொடுக்கிறது, பாலுக்கு மிச்சமில்லை. கொண்டுவரும் பாலின் எடையைப் பொறுத்துக் கூலி இருந்த காலத்தில், மரம் சிவந்தால் தொழிலாளர் லயத்து அடுப்பு சுருங்கும். விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய், நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கி, தோளில் காவிச் சுமக்கும் காண்டா வாளி பாதிகூட நிறையாமல் ஸ்டோருக்குத் திரும்பியவர்களுக்கு, தலைக்கு மேல் பழுத்த நிறம் கடன் மாதத்தின் நிறம். மலாக்காத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தும், இந்தக் காட்சியைக் கொண்டாடும் வழக்கம் நம்மிடையே வளராததற்கு ரசனைக் குறை காரணம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அவர்கள் பார்க்காமல் இல்லை. யாரைவிடவும் நெருக்கத்தில், யாரைவிடவும் முன்னதாகப் பார்த்தார்கள். நிறம் மாறும் முதல் கிளையைக் கண்டதும் அந்த மாதச் செலவைக் கணக்குப் போட்டார்கள். அதுவும் நுட்பமான பார்வைதான்.

நாம் நிற்கும் மண்ணுக்கும் இந்த மரத்துக்கும் உறவு பழையது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. மலாக்கா பாபா வணிகர் தான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்ட தோட்டம்தான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாகப் பேசப்படுகிறது. அடுத்து அவர் பெரிய அளவில் இறங்கியது இதே ஆசாஹான் பக்கத்தில். அவருடைய மகன் தான் ஹூன் சியாங் ஆர்க்கிட் வளர்ப்பதில் ஊறியவர். தந்தை பெயரையே வைத்து அவர் உருவாக்கிய 'வாண்டா தான் சே யான்' 1954இல் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் உயர் விருது பெற்றது. அந்தப் பூவின் நிறம், மஞ்சளும் சிவப்பும் கலந்த வெளிர் ஆரஞ்சு. பாதி பழுத்த ரப்பர் இலையில் காலை எட்டு மணி வெயில் படும்போது அதே நிறம் வரும். தற்செயலாகத்தான் இருக்கும், இருந்தும் ஆசாஹானில் நின்றுகொண்டு அதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

மெக்சிகோவையும் இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். நம் பால்மரம் அந்த நாட்டு மரமில்லை. ஆனால் அங்கே காஸ்டில்லா என்ற வேறொரு மரத்தின் பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து இறுக்கி, 3,500 ஆண்டுகளுக்கு முன்பே ரப்பர்ப் பந்து செய்திருக்கிறார்கள். சேற்றில் புதைந்து கிடந்த அந்தப் பந்துகளை எல் மனாத்தி என்ற இடத்தில் தோண்டி எடுத்தார்கள். மரத்தின் பாலை முதலில் விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கிய மாலைகளுக்கு அவ்வளவு பழைய முன்னோர் இருக்கிறார்கள்.

பத்தரை மணிக்கு மேல் தோப்பில் பார்க்க அதிகமில்லை. ஆசாஹான் அருவிப் பக்கம் போய்க் கால் நனைக்கலாம். வறட்சிக் காலம் என்பதால் நீர் மெலிந்திருக்கும், அதை எதிர்பார்த்தே போக வேண்டும். மதியம் ஜாசினுக்குத் திரும்பி வாழையிலைச் சாப்பாடு. வெயில் தாளவில்லை என்றால் பட்டணம் போகும் வழியில் குலா மலாக்கா வெல்லப்பாகு ஊற்றிய செண்டோல். இவையெல்லாம் எவரும் சொல்லாமலே நடந்துவிடும்.

திட்டத்தில் நான் சேர்க்கச் சொல்வது இன்னொரு நாள். முதல் பயணம் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, அதே தோப்புக்கு, அதே நேரத்துக்கு. சிவப்பைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். கொட்டிய பிறகு என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். கொட்டிய பிறகுதான் தளிர் இருக்கிறது. ரப்பர்த் தளிர் பச்சையாக முளைப்பதில்லை. மாந்தளிரைப்போல ஊதா கலந்த செம்பு நிறத்தில், பளபளப்பாக வரும். இன்னும் விறைப்பு ஏறாததால், பிழியாமல் கொடியில் போட்ட துணியாக மூன்று இலையும் நேர் கீழே தொங்கும். மெல்லிய தளிரைச் சுடுவெயிலிலிருந்து காக்கும் ஏற்பாடு அந்தச் செம்பு நிறம். அந்தத் தொங்கலும் வெயில் நேரே விழாமல் பார்த்துக்கொள்கிறது. சில நாளில் செம்பு கரைந்து வெளிர்ப் பச்சையாகும், பிறகு இலை மெதுவாகத் தலை தூக்கிப் படுக்கையாக விரியும், கடைசியில் கரும்பச்சை. மொட்டிலிருந்து முற்றிய இலை வரை ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம். அதன் நடுவே, கிளை நுனிகளில் பொடிப்பொடியாக மஞ்சள் பூ. இதழே இல்லாத பூ. மணம் மட்டும் தோப்பு முழுக்க.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் தளிர் பக்கம். உதிரும் சிவப்பு தூரத்திலிருந்தே அழைக்கும். சாலையில் போகிறவருக்கும் கிடைக்கும். தளிரின் செம்பு அப்படியில்லை. கிட்டே போய், அண்ணாந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் பிடிபடும். அந்த வாரத்தில் மழை தட்டினால் சாம்பல் நோய் விழுந்து தளிர் மறுபடி உதிர்ந்துவிடும் என்பதால், தோட்டக்காரரும் நம்மோடு சேர்ந்து அண்ணாந்து பார்ப்பார். அவர் தளிரைப் பார்த்து அடுத்த மாதப் பாலைக் கணிப்பார்; நாம் நிறத்தைப் பார்ப்போம். சிவப்பு வாரத்தில் நமக்கு வாய்த்தது அவருக்கு நட்டம். இந்த வாரத்தில் மட்டும்தான் இருவருக்கும் ஒரே இலை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை. மலாக்காவில் ரப்பர் இன்னும் சில ஏக்கர்களில் மிஞ்சியிருக்கும்போதே, அந்த வாரத்துக்கு ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.